ஐந்து வரி விட்டுப்போச்சு

ஆபீஸில் எக்ஸெல் பயன்படுத்துகிறவரா நீங்கள்? அப்படியானால் இந்தத் தப்பை ஒரு முறையாவது செய்திருப்பீர்கள். இருபது வரிக்கு எண்கள் இருக்கின்றன. சராசரி வேண்டும். ஃபார்முலாவைத் தட்டிவிட்டு மவுஸை மேலிருந்து கீழே இழுக்கிறீர்கள். போன் அடிக்கிறது. கை பதினைந்தாவது வரியிலேயே நின்றுவிடுகிறது. விடை என்னவோ வந்துவிடும். 'இன்னும் அஞ்சு வரி பாக்கி இருக்கே சார்' என்று கம்ப்யூட்டர் கேட்காது. மாதக் கடைசியில் கணக்கு இடிக்கும்போது மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள். அத்தோடு போச்சு.

இதே தப்பை உலகப் புகழ் பெற்ற இரண்டு பொருளாதாரப் பேராசிரியர்கள் செய்தார்கள். வெளியே தெரிய மூன்று வருஷம் ஆயிற்று. கண்டுபிடித்தவர் ஒரு மாணவர், அதுவும் ஹோம்வொர்க் செய்யும்போது! 2013-ல் நடந்த கதை. அப்போது பத்திரிகைகள் எல்லாம் 'எக்ஸெல் தப்பு' என்று சிரித்துவிட்டு மறந்துபோயின. இப்போது எதற்கு அதைத் தூசு தட்டுகிறேன் என்றால், எல்லோரும் சிரித்தது தப்பான இடத்தில். அதோடு, நம் கல்லூரிகளில் பாடம் நடத்தும் லட்சணத்தைப் பற்றி அந்த ஹோம்வொர்க்கில் ஒரு சேதி இருக்கிறது.

முதலில் கதை. 2008-ல் அமெரிக்காவில் வங்கிகள் கவிழ்ந்தபோது, பணக்கார நாடுகளின் அரசாங்கங்கள் கடன் வாங்கித்தான் சமாளித்தன. 2010 வாக்கில் ஒரு பெரிய சண்டை. இன்னும் கடன் வாங்கிச் செலவு செய்து வேலைவாய்ப்பைத் தாங்கிப் பிடிப்பதா, செலவை வெட்டிக் கடனைக் குறைப்பதா? இந்த நேரம் பார்த்து கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இருவர் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார்கள். சாமானியப்பட்டவர்கள் இல்லை. ரோகாஃப் 2001 முதல் 2003 வரை ஐ.எம்.எஃப்.பில் தலைமைப் பொருளாதார நிபுணராக இருந்தவர். இருவரும் சேர்ந்து 2009-ல் வெளியிட்ட, எண்ணூறு வருஷ நிதி நெருக்கடிகளின் வரலாறு பெரிய வரவேற்பு பெற்ற புத்தகம். கட்டுரை 2010 மே மாதம் 'அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ'வில், ஒரு மாநாட்டில் படித்த கட்டுரைகளின் தொகுப்பு இதழில், வெளியாயிற்று.

அதில் சொன்ன விஷயம் இதுதான். ஒரு நாட்டின் ஒரு வருஷ மொத்த உற்பத்தி, அதாவது ஜிடிபி, 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரசாங்கத்தின் கடன் 30 ரூபாயோ 60 ரூபாயோ இருக்கும்வரை பொருளாதாரம் வருஷத்துக்கு 3, 4 சதவிகிதம் வளர்கிறது. கடன் 90 ரூபாயைத் தாண்டினால் வளர்ச்சி பொத்தென்று விழுந்து மைனஸ் 0.1 ஆகிவிடுகிறது. 1946 முதல் 2009 வரை இருபது முன்னேறிய நாடுகளின் கணக்கைப் பார்த்துச் சொன்னது.

அரசியல்வாதிகளுக்கு இப்படி ஒரு எண் கிடைத்தால் விடுவார்களா? பிரிட்டனில் ஜார்ஜ் ஆஸ்போர்ன், நிதியமைச்சர் ஆவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, இந்த இருவரின் ஆராய்ச்சியை மேடையில் மெச்சினார். அமெரிக்காவில் பால் ரையனின் பட்ஜெட் திட்டம் இதைக் காட்டியது. ஐரோப்பிய கமிஷனர் ஆலி ரென்னும் 90 சதவிகிதத்தைச் சொன்னார். கட்டுரை இல்லாவிட்டாலும் வெட்டுகிறவர்கள் வெட்டியிருப்பார்கள்தான். ஆனால் ஆஸ்பத்திரிக்கும் பென்ஷனுக்கும் ஏன் குறைக்கிறீர்கள் என்று கேட்டவர்களின் வாயை அடைக்க ஒரு எண் கைவசம் கிடைத்துவிட்டது. அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பது விஞ்ஞானம் என்று எல்லோரும் நம்பினார்கள்.

இப்போது ஆம்ஹெர்ஸ்ட் என்ற சின்ன ஊருக்கு வாருங்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. புள்ளிவிவரங்களை வைத்துப் பொருளாதாரத்தை ஆராயும் ஒரு வகுப்பு. நடத்தியவர்கள் மைக்கேல் ஆஷ், ராபர்ட் போலின். அவர்கள் கொடுத்த ஹோம்வொர்க் சுலபமாகத் தெரியும்: வெளியான ஒரு கட்டுரையை எடுத்து, அதே தகவல்களைத் திரட்டி, அதே விடையை வரவழையுங்கள். புதுசாக எதுவும் கண்டுபிடிக்க வேண்டாம். 28 வயது ஆராய்ச்சி மாணவர் தாமஸ் ஹெர்ண்டன் எடுத்துக்கொண்டது இந்த 90 சதவிகிதக் கட்டுரையை.

விடை வரவில்லை. எத்தனை முறை போட்டாலும் மைனஸ் 0.1 வரவில்லை. ஆசிரியர்களும் முதலில் பையன் எங்கேயோ சொதப்பியிருக்கிறான் என்றுதான் நினைத்தார்கள். போய்ச் சரிபண்ணிக்கொண்டு வா என்றார்கள். மறுபடி மறுபடி வராமல் போனபோது, கட்டுரை எழுதியவர்களிடமே கேட்டுப் பார் என்றார்கள். ஹெர்ண்டன் எழுதினார். அப்போது ஹார்வர்டில் இருந்த ரைன்ஹார்ட் தங்களுடைய எக்ஸெல் ஃபைலை அனுப்பிவைத்தார். இதை அவசியம் சொல்லவேண்டும். ஒரு மாணவர் கேட்டதற்கு அந்த அம்மையார் மறுக்கவில்லை.

ஃபைலைத் திறந்தார் ஹெர்ண்டன். சராசரி ஃபார்முலா 30-வது வரியில் ஆரம்பித்து 44-வது வரியில் நின்றிருந்தது. போயிருக்க வேண்டியது 49 வரை. நாடுகளின் பெயர்கள் ஆங்கில அகரவரிசைக்குத் தலைகீழாக அடுக்கப்பட்டிருந்ததால் அடியில் மாட்டியவை டென்மார்க், கனடா, பெல்ஜியம், ஆஸ்திரியா, ஆஸ்திரேலியா. ஐந்து நாடுகள் அவுட். தன் கண்ணையே நம்பாமல் கூட இருந்த தோழியைக் கூப்பிட்டு, நான் பார்ப்பது சரிதானா என்று கேட்டாராம்.

2013 ஏப்ரல் நடுவில் ஹெர்ண்டன், ஆஷ், போலின் மூவரும் சேர்ந்து மறுப்பை வெளியிட்டார்கள். சரியான கணக்கில் வளர்ச்சி மைனஸ் 0.1 இல்லை, பிளஸ் 2.2 என்றார்கள். ஒரு வாரத்தில் உலகம் முழுக்கச் செய்தி. ஹெர்ண்டனை அமெரிக்க டி.வி.யின் 'கோல்பேர் ரிப்போர்ட்' காமெடி ஷோவில் உட்காரவைத்தார்கள். ஹார்வர்டு பேராசிரியர்களுக்கு எக்ஸெல் தெரியவில்லை என்று ஊரெல்லாம் கெக்கெக்கே.

இங்கேதான் ஒரு நிமிஷம் நில்லுங்கள். அந்த ஐந்து வரியால் எவ்வளவு கெட்டது? நாமே போட்டுப் பார்ப்போம். கால்குலேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள்.

90 சதவிகிதத்துக்கு மேல் கடன் இருந்த காலத்தில் வளர்ச்சி என்று அவர்கள் கணக்கில் சேர்ந்த நாடுகள் ஏழு. கிரீஸ் 2.9, அயர்லாந்து 2.4, பிரிட்டன் 2.4, இத்தாலி 1.0, ஜப்பான் 0.7. இந்த ஐந்தையும் கூட்டினால் 9.4. அமெரிக்கா மைனஸ் 2.0, நியூசிலாந்து மைனஸ் 7.9. இரண்டும் சேர்ந்து மைனஸ் 9.9. ஆக மொத்தம் மைனஸ் 0.5. ஏழால் வகுத்தால் மைனஸ் 0.07, முழுசாக்கினால் மைனஸ் 0.1. உலகத்தையே ஆட்டிய எண் இவ்வளவுதான். நீங்களும் நானும் மளிகைக் கணக்கு மாதிரி போட்டுவிட்டோம்.

இப்போது விட்டுப்போன ஐந்து வரியைச் சேருங்கள். அவற்றில் இந்தக் கணக்கை மாற்றக்கூடியது பெல்ஜியம் ஒன்றுதான். 25 வருஷம், சராசரி 2.6. சேர்த்து எட்டால் வகுத்தால் பிளஸ் 0.3 வருகிறது. மைனஸ் 0.1-லிருந்து 0.3. அப்போதும் பள்ளம் பள்ளமாகத்தான் இருக்கிறது! ஊரே சிரித்த எக்ஸெல் தப்பைத் திருத்தினால், கட்டுரையின் முடிவு கொஞ்சம் நகர்கிறது, அவ்வளவே.

அப்படியானால் 2.2 எங்கிருந்து வந்தது? நியூசிலாந்தைப் பாருங்கள். அந்த நாட்டுக்கு 90-க்கு மேல் கடன் இருந்ததாகத் தகவல் உள்ள வருஷங்கள் ஐந்து. 1946 முதல் 1949 வரை நாலு, அப்புறம் 1951. வளர்ச்சி வரிசையாக 7.7, 11.9, மைனஸ் 9.9, 10.8, மைனஸ் 7.6. ஐந்தின் சராசரி 2.6. கட்டுரையில் முதல் நாலு வருஷம் கிடையாது. 1951 மட்டும்தான். அதையும் எடுத்தெழுதும்போது 7.6 என்பது 7.9 ஆகிவிட்டது. 1951-ல் நியூசிலாந்தில் துறைமுகத் தொழிலாளர் தகராறு 151 நாள் நடந்தது என்பது உபரித் தகவல்.

அடுத்தது இன்னும் சுவாரஸ்யம். பிரிட்டன் 19 வருஷம் அந்தக் கடனோடு 2.4 சதவிகிதம் வளர்ந்தது. நியூசிலாந்துக்கு ஒரே ஒரு வருஷம். ஆனால் சராசரியில் நாட்டுக்கு ஒரு ஓட்டு என்று கணக்கு. 19 வருஷ பிரிட்டனும் 1 வருஷ நியூசிலாந்தும் சமம். 20 டெஸ்ட் ஆடியவரின் சராசரியையும் ஒரே இன்னிங்ஸில் டக் அவுட் ஆனவரின் சராசரியையும் கூட்டி இரண்டால் வகுக்கிற மாதிரி. விட்டுப்போன வருஷங்களைச் சேர்த்து, ஆஸ்திரேலியா, கனடாவையும் கொண்டுவந்தால் நாட்டுக்கு ஒரு ஓட்டு முறையிலேயே 1.9 வந்துவிடும். வருஷத்துக்கு ஒரு ஓட்டு என்று மாற்றினால் 2.2.

எழுதியவர்கள் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். எக்ஸெல் தப்பை அவர்கள் உடனே ஒப்புக்கொண்டார்கள். அந்தப் பழைய வருஷங்களின் தகவல் அப்போது சரிபார்த்து முடியவில்லை, வேண்டுமென்று விடவில்லை என்றார்கள். வருஷக்கணக்கில் ஓட்டு கொடுத்தால் நீண்டகாலக் கடன்கார நாடு ஒன்றிரண்டு மொத்தத்தையும் அமுக்கிவிடும் என்றார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. திருத்திய கணக்கிலும் 60-க்கும் 90-க்கும் நடுவில் கடன் உள்ளவர்கள் 3.2 வளர, 90-க்கு மேல் போனவர்கள் 2.2-தான் வளர்கிறார்கள். அதிகக் கடன், கொஞ்சம் மந்தம், அது உண்மை. 90-ல் பள்ளம் இருக்கிறது என்பதுதான் பொய்த்துப்போனது. 2014-ல் ஐ.எம்.எஃப். ஆய்வாளர்களே, அப்படி ஒரு மாய எல்லைக்கோடு எதுவும் தென்படவில்லை என்று எழுதினார்கள்.

இதெல்லாம் சரி, அடிப்படைக் கேள்வி ஒன்று பாக்கி. கடன் கூடியதால் வளர்ச்சி படுத்ததா, வளர்ச்சி படுத்ததால் கடன் கூடியதா? ஜப்பானில் 1990-களின் தொடக்கத்தில் நிலமும் பங்குச்சந்தையும் சரிந்து வளர்ச்சி நின்றது. கடன் மலையாக ஏறியது அதற்குப் பின்னால். அமெரிக்காவின் மைனஸ் 2.0 என்பது 1946 முதல் 1949 வரை. இரண்டாம் உலகப்போர் முடிந்து, பீரங்கி செய்த ஃபேக்டரிகள் மூடி, சிப்பாய்கள் வீடு திரும்பிய காலம். அதைக் கடனின் தலையில் கட்டுவது என்ன நியாயம்? அதே ஆம்ஹெர்ஸ்டில் பொருளாதாரப் பேராசிரியரான அரிந்திரஜித் துபே 2013-லேயே கணக்குப் போட்டுக் காட்டினார்: இன்றைய கடன், வரப்போகும் வளர்ச்சியைவிட, போன வருஷங்களின் வளர்ச்சியோடுதான் நெருக்கமாக ஒத்துப்போகிறது.

இப்போது இதை வகுப்பறை வாரியாகப் பிரித்துப் பாருங்கள். ஃபார்முலா 44-ல் நின்றது புரோகிராமிங் சமாசாரம். எந்த வருஷத்தை எடுப்பது, யாருக்கு எத்தனை ஓட்டு என்பது ரிசர்ச் மெதடாலஜி. எது காரணம், எது விளைவு என்பதைச் சொல்ல பப்ளிக் ஃபைனான்ஸ் தெரியவேண்டும். தப்பின் கனமும் அதே வரிசையில் ஏறுகிறது. முதல் தப்பு யார் கண்ணிலும் படும். இரண்டாவது, கணக்கைப் பிரித்துப் போட்டால் தெரியும். மூன்றாவது, அந்த நாட்டின் சரித்திரம் தெரிந்தவருக்குத்தான் உறைக்கும். மூன்றையும் ஒரே ஆள், ஒரே ஃபைலை முன்னால் வைத்துக்கொண்டு பார்த்ததால்தான் குட்டு உடைந்தது.

நம் கல்லூரிகளில் இந்த மூன்றும் மூன்று ரூமில் இருக்கின்றன. ஒரு ரூமில் பேசுவது அடுத்த ரூமுக்குக் கேட்காது. நான் பி.காம். படித்தபோது பப்ளிக் ஃபைனான்ஸ் என்றால் ஆடம் ஸ்மித்தின் வரி விதிப்புக் கோட்பாடுகள் நாலு. சமத்துவம், நிச்சயம், வசதி, சிக்கனம். பத்து மார்க் கேள்வி, தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். ஆனால் மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட ஒரு அரசாங்கத்தின் பட்ஜெட் புத்தகத்தை யாரும் எங்கள் கையில் கொடுத்ததில்லை. கம்ப்யூட்டர் படித்த நண்பர்கள் பிரைம் நம்பர் கண்டுபிடிக்கும் புரோகிராமை ரெக்கார்டு நோட்டில் சீனியரைப் பார்த்து எழுதினார்கள். எதற்கு பிரைம் நம்பர் என்று அவர்களுக்குத் தெரியாது. எக்ஸ்டர்னல் வந்து கேட்டால் சொல்லவேண்டும், அவ்வளவுதான். மேல்படிப்புக்குப் போனவர்களுக்கு ரிசர்ச் மெதடாலஜி வந்தது. 'ஆய்வு என்றால் என்ன? அதன் வகைகளை விவரி.' விவரித்தார்கள். ஒரு ஆய்வைக்கூடப் பிரித்துப் பார்க்காமலே விவரித்தார்கள்.

சிலபஸ் பழசு என்பது இங்கே பிரச்னை இல்லை. சிலபஸை மாற்றி பைத்தான், டேட்டா சயன்ஸ் என்று புதுப் பெயர் வைப்பது ரொம்ப சுலபம். ஹெர்ண்டன் கண்டுபிடித்ததற்கு பைத்தான் தேவைப்படவில்லை. அவருக்குத் தேவைப்பட்டவை இரண்டு. அச்சில் வந்த எண்ணைத் திரும்பப் போட்டுப் பார் என்கிற ஹோம்வொர்க். 'எனக்கு விடை வேற வருது சார்' என்றபோது, கடைசியில் காதுகொடுத்த ஆசிரியர்கள்.

இரண்டாவதுதான் நமக்குக் கஷ்டம். நம் வகுப்பில் விடை வேற வந்தால் என்ன ஆகும்? 'பெரிய பெரிய ஆளுங்க எழுதியிருக்காங்க, நீ தப்புன்னு சொல்றியா? முதல்ல நீ சரியாப் போடு.' அதோடு இன்டர்னல் மார்க் ஞாபகம் வந்து பையன் உட்கார்ந்துவிடுவான். ஆம்ஹெர்ஸ்டிலும் முதல் இரண்டு வாக்கியம் இப்படித்தான் இருந்தது என்பதை மறக்கவேண்டாம். மூன்றாவது வாக்கியம்தான் வேற.

அரைகுறையாகப் படிக்கிற பசங்களிடம் பெரியவர்கள் எழுதியதில் தப்புக் கண்டுபிடிக்கச் சொன்னால் திமிர்தானே வளரும் என்று சில பேராசிரியர்கள் கேட்பார்கள். எனக்கென்னவோ எதிர்மாறாகத் தோன்றுகிறது. திரும்பப் போட்டுப் பார்க்கிறவர்களில் பெரும்பாலோருக்குத் தன் தப்புதான் முதலில் அகப்படும். ஒரு சராசரியை வரவழைக்க எத்தனை முடிவுகள் எடுக்கவேண்டியிருக்கிறது என்று பார்த்தவன், அடுத்தவனைச் சுலபத்தில் திட்டமாட்டான். ஹார்வர்டிலேயே அரசியல் விஞ்ஞானப் பேராசிரியர் கேரி கிங் இதைப் பாடமாக நடத்தி, மாணவர்கள் அப்படிச் செய்ததை எப்படிக் கட்டுரையாக வெளியிடலாம் என்று 2006-ல் எழுதியும் இருக்கிறார். அமெரிக்கப் பொருளாதாரச் சங்கம் 2018-ல் டேட்டாவுக்கென்றே ஒரு எடிட்டரைப் போட்டது. பெரியவர்களே தங்கள் கணக்கை இன்னொருவர் போட்டுப் பார்க்கட்டும் என்று இறங்கி வந்துவிட்டார்கள்.

இதற்குக் காசு வேண்டாம், லேப் வேண்டாம். மத்திய பட்ஜெட்டும் தமிழக பட்ஜெட்டும் இன்டர்நெட்டில் இலவசமாகக் கிடைக்கின்றன. உதாரணத்துக்கு ஒன்று சொல்கிறேன். 2021 ஆகஸ்ட் 9-ம் தேதி அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் தமிழக அரசின் நிதிநிலை பற்றி வெள்ளை அறிக்கை வெளியிட்டார். ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் கடன் என்று மறுநாள் டீக்கடை வரைக்கும் பேச்சு. ஐயோ என்றவர்கள் உண்டு, அரசியல் என்றவர்கள் உண்டு. வகுத்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

ஒரு வகுப்பில் இதைக் கொடுத்துப் பாருங்கள். மொத்தக் கடன் 5,70,189 கோடி ரூபாய். 2.16 கோடி குடும்பங்களால் வகுத்தால் அதே எண் வருகிறது. கணக்கு சரி, முதல் ரூம் முடிந்தது. அடுத்து, குடும்பங்களின் எண்ணிக்கை எங்கிருந்து வந்தது, குடும்பத்துக்கு வகுப்பதா, தலைக்கு வகுப்பதா, மாநிலத்தின் மொத்த உற்பத்தியோடு ஒப்பிடுவதா? இது இரண்டாவது ரூம். கடைசியாக, வீட்டுக் கடனும் அரசாங்கக் கடனும் ஒன்றா? அரசாங்கம் ரிட்டயர் ஆவதில்லை. பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் வாங்கலாம். ஆனால் வரி வருமானத்தில் வட்டிக்கே எவ்வளவு போகிறது, வாங்கிய பணம் பாலம் ஆயிற்றா, சம்பளம் ஆயிற்றா? இது மூன்றாவது ரூம். ஒரே ஒரு எண், மூன்று பாடம். பரீட்சையில் நாலு கோட்பாடுகளை விவரித்த நாங்கள் யாரும் இதைச் செய்ததில்லை.

உங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போகிற பிள்ளை இருந்தால் இன்று ராத்திரி சாப்பிடும்போது கேட்டுப் பாருங்கள்: அச்சில் வந்த ஒரு எண்ணையாவது திரும்பப் போட்டுப் பார்க்கச் சொல்லி உங்க சார் ஹோம்வொர்க் கொடுத்திருக்காரா? இல்லை என்றால், இந்தப் பக்கத்தையே கொடுங்கள். மேலே இருக்கிற சராசரிகளை நான் மூன்று தடவை போட்டுப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறேன். இருந்தாலும் விடை வேற வந்தால் ஒரு கார்டு போடச் சொல்லுங்கள். 'முதல்ல நீ சரியாப் போடு' என்று பதில் எழுதமாட்டேன்.